நீல வட்டத்துக்குள் இரண்டு வாசல்

லா சப்பல், பாரிஸ்
8 செப்ரெம்பர் 2024

அன்பு மகள் நிரோஜினிக்கு,

நானும் கொம்மாவும் சுகம். கொம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மாடிப்படியோடு சண்டை. நீயும் சுகமாயிருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

கிரெனோபிளுக்கு ரயில் ஏறி ஒரு கிழமைதான், அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். பேசிக்கொண்டது பேசிக்கொண்டதுதான். ரெலிபோனில் நான் தமிழில் கேட்க நீ பிரெஞ்சில் பதில் சொல்வாய். ஆகவே மாதம் ஒரு கடிதம், தமிழில், கையால். கடிதம் வந்தால் கறித்தூள் பார்சல் வரும். வராவிட்டால் உருளைக்கிழங்கை உப்புத்தண்ணியில் அவித்துத் தின்னலாம். நான் ஒன்பதாம் வகுப்போடு வெளிக்கிட்டவன். என் எழுத்துப்பிழையை நீ திருத்தலாம், உன் பிழையை நான் கண்டுபிடிக்க மாட்டேன். லாபம் உனக்குத்தான்.

நீ வெளிக்கிட்ட அவசரத்தில் பிள்ளையார் கோயில் தேர்க்கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தேர் வீதியில் உடைக்கிற தேங்காயில் பாதி என் கமியோன் லொறியில். லா கூர்னெவ் குடோனில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஜிபிஎஸ் பெட்டிக்குள் இருந்து மதாம் "இடப்பக்கம் திரும்பவும்" என்றா. அவவின் பேச்சை நான் ஒருநாளும் தட்டினதில்லை. திரும்பினேன். முன்னால் பொலிஸ் தடுப்பு, பின்னால் பஸ். பிள்ளையார் வெளிக்கிட்டுவிட்டார், தேங்காய் வரவில்லை. கடைக்கார இரத்தினம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து தன் போனை நீட்டினார்.

"இராசேந்திரன், இதிலை ரோட்டுப் பூட்டு எண்டு சிவப்பாக் கிடக்கு. உன்ரை பெட்டிக்கு ஆர் சொல்லுறது, பிள்ளையாரே?"

புதுவருடத்தோடு பெட்டியைக் கழற்றிவிட்டு, அவருக்குச் சாமான் ஓட்டுகிற எல்லாரும் போனைப் பார்த்து ஓட வேண்டுமாம். வீதி பூட்டின செய்தி வேறு, நிற்கிற இடத்தைச் சரியாகச் சொல்வது வேறு என்று நான் வாதாடினேன். நீ நில அளவை பழகப் போனவள். எது சரி என்று எழுது. பெட்டி சரி என்று எழுதினால் அண்ணைக்குக் காட்டுவேன். போன் சரி என்றால் கடிதம் தபாலில் தொலைந்துவிடும்.

நீ எங்கே நிற்கிறாய் என்று காட்ட உன் போனில் கொம்மா போட்டுவிட்டதை அணைக்காதே. விடிய எழும்பினதும், போன் வரைபடத்தில் உன் முகம் போட்ட பொட்டு உன் 14ஆம் இலக்க வீட்டில் நிற்குதா என்று பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கிறா. உன்னோடு அறை எடுத்திருக்கும் ஆன்ஜெலிக்குக்கும் எங்கள் அன்பைச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அப்பா,
இராஜேந்திரன்


கிரெனோபிள்
2 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அப்பாவிற்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் அம்மாவும் நலமுடன் வாழ இறைவனை வேண்டுகிறேன். இந்த வரி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. இனி வருவது என் வரிகள்.

உங்கள் கேள்விக்குப் பதில். போனும் பெட்டியும் வானத்தில் இருக்கும் செய்மதிகளைத்தான் கேட்கின்றன. வெட்டவெளியில் போன் ஐந்து மீற்றர் அளவில் பிழைவிடும். உங்கள் பெட்டியும் ஏறத்தாழ அவ்வளவுதான். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும், அங்கே இரண்டும் தடுமாறும். போன் பக்கத்து வீட்டு வைஃபையிடமும் விசாரிக்கும். பெட்டி யாரிடமும் விசாரிக்காது. உங்களை மாதிரி.

ஆனால் பெட்டி சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஏன் என்றால், வண்டி எப்போதும் வீதியில்தான் நிற்கும் என்று அது நம்புகிறது. நீங்கள் ஆற்றுக்குள் நின்றாலும் உங்களைப் பக்கத்து வீதிக்கு இழுத்துப் போட்டுவிட்டு, சரியாக நிற்கிறீர்கள் என்று சொல்லும்.

எங்கள் வேலைக் கருவி வேறு. நீளமான கோல், அதன் உச்சியில் காளான் மாதிரி அன்ரெனா. இரண்டு சென்ரிமீற்றருக்குள் இடத்தைச் சொல்லும். நேற்று ஒரு மலைச்சரிவில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றில் கோல் சரிந்தால் அதில் இருக்கும் நீர்க்குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். என்னுடைய கை நடுங்கவில்லை என்று பொறுப்பாளர் ரேமண்ட் சொன்னார்.

அம்மாவிற்கு முத்தங்கள். தூள் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
நிரோஜினி


லா சப்பல்
27 ஒக்ரோபர் 2024

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், ஒருதரம் விளங்க, ஒருதரம் பெருமைக்கு. "உங்களை மாதிரி" என்ற வரியைக் கொம்மா சமையலறைக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாய் வாசிக்கச் சொன்னா. சமையலறையில் நின்றது அவதான்.

நானும் சோதித்துப் பார்த்தேன். குடோன் வாசலில் பெட்டியும் போனும் ஒரே இடத்தைக் காட்டின. லா சப்பலில் மெத்ரோ மேலால் ஓடுகிற பாலத்துக்குக் கீழே வந்ததும் போன் என்னைப் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குள் கொண்டுபோய் வைத்தது. பெட்டி அசையவில்லை. வென்றுவிட்டேன் என்று அண்ணையிடம் போனால், "நீ சொன்னியெல்லே, உன்ரை மோள் எழுதினவ எண்டு, அது ரோட்டுக்கு இழுத்துப் போடுறது எண்டு" என்றார். உன் கடிதத்தை அவருக்குக் காட்டினது என் பிழை.

இப்போது ஒரு சின்னச் சங்கதி. பத்துப் பதினைந்து நாளாய் உன் பொட்டு 14க்கு எதிர்ப்பக்கம் நிற்குது. இரட்டை இலக்கம் ஒரு பக்கம், ஒற்றை இலக்கம் மறுபக்கம் என்பது சாமான் இறக்குகிறவனுக்குத் தெரியாததா. 14 இரட்டைப் பக்கம். உன் முகம் ஒற்றைப் பக்கத்தில், 11ஆம் இலக்கத்துக்கு மேல். விடியவும் அங்கேதான், ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான்.

கொம்மா, "இதென்னப்பா, பிள்ளை ரோட்டைக் கடந்து போய்ப் படுக்கிறாளோ" என்றா. நான் உன் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் தெறிக்கும், போன் பிழைவிடும், படித்தவள் எழுதியிருக்கிறாள். உன் தெருவும் ஒடுக்கம்தானே. கொம்மா திரும்பிப்போய் வெங்காயம் வெட்டினா.

போனின் பிழைதான். எனக்குத் தெரியும்.

தூள் அனுப்பியிருக்கிறேன். குளிர் வருகுது, காதை மூடு.
உன் அப்பா


கிரெனோபிள்
4 டிசெம்பர் 2024

அன்புள்ள அப்பாவிற்கு,

நான் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். தூள் கிடைத்தது. இங்கே பனி விழுந்துவிட்டது. அளவைப் புள்ளிகளைத் தேடிப் பனியைக் கிண்டுகிறோம். என் சப்பாத்துக்குள் எப்போதும் தண்ணீர்.

போன் பிழைவிடலாம். ஓம்.

நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. பொட்டைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதுதான் போனின் சந்தேகம். நான் இதற்குள் எங்கேயோ நிற்கிறேன், சரியாக எங்கே என்று எனக்கே தெரியாது என்று போன் சொல்கிறது. சில நேரம் வட்டம் பெரிதாகும், சில நேரம் சின்னதாகும். உங்கள் பெட்டியில் அந்த வட்டம் இல்லை.

நத்தார் விடுமுறைக்கு வர முடியாது, வேலை. அம்மா என்ன சொன்னா? பிழையைப் பற்றி.

முத்தங்கள்,
நிரோஜினி


லா சப்பல்
15 டிசெம்பர் 2024

அன்பு மகளுக்கு,

சுகம், சுகம். எனக்குத் தடிமன், மூக்கால் ஓடுது, அதைச் சுகக்கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த நீல வட்டம் எனக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது. கொம்மாவுக்குப் போனைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இஞ்சை பார் கோசலை, வட்டத்துக்குள்ளை 14உம் கிடக்கு, 11உம் கிடக்கு. பிள்ளை வட்டத்துக்குள்ளைதான் நிக்கிறாள். பிறகென்ன?" கொம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. "வட்டம் நல்ல வட்டம்தான்" என்றா. அதை எந்த அர்த்தத்தில் சொன்னா என்று நான் விசாரிக்கவில்லை. உன் சொல்படி நான்தான் யாரிடமும் விசாரிக்காத பெட்டியாச்சே.

இரத்தினம் அண்ணை கேட்டார், "மோள் அங்கை தனியவோ இருக்கிறா?" என்று. ஆன்ஜெலிக் என்ற பிள்ளையோடு என்றேன். நான் சாமான் இறக்கப் போகிற கார்ஜிலும் எபினேயிலும் கடைக்குக் கடை இதையே கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்கிறேன். அரிசிமூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி இந்தப் பதிலையும் இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

ஒரு விசயம். கொம்மா வேலை செய்கிற பள்ளிக்கூடக் கன்ரீன் பெப்ரவரி விடுமுறைக்குப் பூட்டும். உன்னைப் பார்க்க வருவது என்று அவ முடிவெடுத்துவிட்டா. நான்தான் கமியோனில் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வட்டம் போன் திரையில் இருக்கும் மட்டும்தான் பெரிய வட்டம். கொம்மா தெருவில் இறங்கி நின்றால் ஒரு கதவைத்தான் தட்டுவா. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

பார்சல் நாளைக்குப் போகும். கொம்மா தானே கட்டித் தந்தா.
உன் அப்பா


லா சப்பல்
19 ஜனவரி 2025

அன்பு மகளுக்கு,

பொங்கல் கழிந்தது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ரெலிபோனில் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்கிறாய். நீ எல்லாவற்றுக்கும் தமிழில் "ஓம்" சொல்லத் தொடங்கினதில்தான் எனக்குப் பயம் வந்தது.

பார்சல் திரும்பி வந்துவிட்டது. மேலே ஒரு ஒட்டி, அந்த விலாசத்தில் நீ இல்லையாம். தபால்பெட்டியில் உன் பெயர் இல்லாவிட்டால் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் எபினேயில் எத்தனையோ பேர் பெயரை ஒட்டாமல் சாமானுக்கு நின்று கத்தியிருக்கிறார்கள். கொம்மா வேலைக்குப் போன நேரம் வந்ததால் தப்பினேன். தபால்காரன் புதியவன், பிழைவிட்டுவிட்டான் என்று ஒரு கதையும் ஆயத்தமாக வைத்திருக்கிறேன். போன் பிழை, சுவர் பிழை, தபால்காரன் பிழை. இந்த நாட்டில் பிழைவிடாத ஆள் என் மகள் ஒருத்திதான்.

மூலை கிழிந்திருந்தது. வேறு பெட்டியில் போட என்று திறந்தேன். ஒரு தூள்பை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. பெரியது நம்முடைய வழக்கமான தூள். சின்னது மஞ்சளடித்து வெளிறிப்போய் இருந்தது. அதன் மேல் கொம்மாவின் எழுத்தில், "உறைப்புக் குறைச்சது."

நம் வீட்டில் உறைப்புக் குறைத்துச் சாப்பிடுகிற ஆள் யார்? நீ பால்பல்லோடு மிளகாய்ப்பொரியல் கடித்தவள்.

நான் திருப்பி ஒட்டிவிட்டேன். கொம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை ஆன்ஜெலிக்கின் பெயருக்குப் போடுகிறேன், கிடைக்கும்.

மகளே, நீ இரண்டு சென்ரிமீற்றர் பிழையில்லாமல் மலையை அளக்கிறாய். தெருவின் எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று மட்டும் அப்பாவுக்குச் சொல்லு.

அப்பா


கிரெனோபிள்
28 ஜனவரி 2025

அப்பா,

நான் சுகம். இந்தக் கடிதத்தை முதலில் பிரெஞ்சில் எழுதினேன். பிறகு நேர்மையில்லை என்று தோன்றியது.

போன் பிழைவிடவில்லை. ஒக்ரோபரிலிருந்து நான் 11ஆம் இலக்கத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். மார்செலுடன். அவனுக்கு இருபத்தாறு வயது. கீழே சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். அவனுடைய தாத்தாவின் பெயரை அவனுக்கு வைத்திருக்கிறார்கள். நல்லவன். ஆன்ஜெலிக்குடன் வேறு பெண் வந்துவிட்டாள், அவள்தான் தபால்பெட்டியில் இருந்து என் பெயரை உரித்திருக்கிறாள்.

நீங்கள் எனக்காகப் போனைக் குற்றம் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த கடிதத்தில் இன்னும் நல்ல காரணம் கண்டுபிடித்தீர்கள். நான் வட்டத்தைப் பற்றி எழுதிக் கொடுத்ததே நீங்கள் அதையும் பாவிப்பீர்கள் என்றுதான். அது எனக்கு வெட்கம்.

ரேமண்டிடம் கேட்டு, சனிக்கிழமை எங்கள் கோலைக் கொண்டுவந்து 11ஆம் இலக்கத்து வாசற்படியில் நிறுத்தினேன். குமிழ் நடுவில் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். மார்செல் வீதியில் கார்களை மறித்துக்கொண்டு நின்றான். கோல் காட்டிய இட இலக்கங்களைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதில் வட்டம் இல்லை.

நீங்களும் அம்மாவும் வந்தால் சந்தோசம். வராவிட்டாலும் நான் அங்கேதான் இருப்பேன்.

நிரோஜினி


லா சப்பல்
13 பெப்ரவரி 2025

அன்பு மகள் நிரோவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாரும் சுகம், கொப்பரைத் தவிர. அப்பாவுக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை என்னிடம் தந்தார். பிறகு இரண்டு கிழமையாக ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் குந்தி எழுதுகிறார், கிழிக்கிறார். பகிடி விட்டால் கிழிக்கிறார், பகிடி விடாவிட்டாலும் கிழிக்கிறார். கமியோனில் மதாமின் சத்தத்தைக் குறைத்துவிட்டாராம். கடையில் ஆரோ உன்னைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அரிசியை இறக்கிவிட்டு வந்தாராம், இரத்தினம் அண்ணை சொன்னார்.

எனக்கு ஒக்ரோபரிலேயே தெரியும். ரெலிபோனில் நீ கதைக்கும்போது பின்னால் ஆரோ கோப்பை கழுவுகிற சத்தம். ஆன்ஜெலிக் கோப்பை கழுவமாட்டாள் என்று நீதானே முறைப்பட்டாய். கழுவுகிறவன் பரவாயில்லை என்று நினைத்தேன். நீயே சொல்லட்டும் என்று இருந்தேன். நாலு மாதம் கூடிப்போச்சு, மோள். அது எனக்குக் கோபம்தான். நேரில் வந்து பேசுவேன்.

கொப்பருக்கு உன்னில் கோபமில்லை. வந்தால் எந்த முகத்தோடு நிற்பது என்றுதான் தெரியாமல் இருக்கிறார். நீ அவருக்கு ஒன்றும் எழுதாதே. அவரே வருவார்.

அந்தப் பிள்ளை உறைப்புத் தின்னுமா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அம்மா


லா சப்பல்
16 பெப்ரவரி 2025

அன்பு மகள் நிரோஜினிக்கு,

சுகம் விசாரித்தேன் என்று எடுத்துக்கொள். கொம்மா உனக்கு எழுதினது எனக்குத் தெரியும், முத்திரை கேட்டா.

நான் எழுதின கடிதமெல்லாம் கிழிந்துபோனதால் இது சின்னக் கடிதம். எனக்கு மனவருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு நீல வட்டம். வருத்தம் இருந்தது. ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது. நேற்று இரத்தினம் அண்ணை தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, "மோள் எப்பிடி?" என்றார். "11ஆம் இலக்கத்துக்கு மாறிட்டாள் அண்ணை. மார்செல் எண்டு ஒரு பொடியனோடை" என்றேன். அவர் சீனியைப் போட்டுக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "என்ரை மூத்தவன் மொந்திரோயிலை ஒரு இத்தாலிக்காரியோடை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். அதன் பிறகு தேத்தண்ணி நல்லாய் இருந்தது.

மார்ச் முதலாம் திகதி, சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம். உன் இலக்கங்களைப் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன், போனிலும் தட்டினேன். சென்ரிமீற்றரை இரண்டும் மதிக்காது என்று தெரியும். ஒரு மரியாதைக்கு.

கலியாணம் என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதவேண்டாம் என்று கொம்மா சொன்னா. எழுதவில்லை.

உன் அப்பா


லா சப்பல்
9 மார்ச் 2025

அன்பு மகளுக்கும் மார்செலுக்கும்,

நாங்கள் சுகமாய் வந்து சேர்ந்தோம். கொம்மாவின் முழங்கால் உங்கள் மூன்று மாடியையும் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை, மகளே, நீ மேலேயிருந்து பார்த்தாய், கமியோனுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். பெட்டி உங்கள் தெருவில் ஏறினதும், "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. நான் நிற்பாட்டினது 14ஆம் இலக்கத்துக்கு முன்னால். அரைவருடமாய் உறையில் எழுதின இலக்கம், கால் தானாய்ப் பிரேக்கை அமர்த்திவிட்டது. போன், வீதியைக் கடக்கச் சொன்னது. கமியோனை நிற்பாட்டிவிட்டு ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒடுக்கமான தெரு, பத்து மீற்றர் வராது. கொம்மா கறிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பெட்டியும் போனும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. மிச்சத்தை நான்தான் நடக்க வேண்டும்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் 11ஆம் இலக்கத்துக் கதவு திறந்தது. குளிருக்குக் கோட் கூடப் போடாமல், கையில் சைக்கிள் எண்ணெயோடு, நெட்டையாய் ஒருவன் நடுவீதிக்கு வந்தான். ஒரு கையால் வந்த காரை மறித்தான். மறு கையால் எங்களைக் கூப்பிட்டான். "இஞ்சை," என்றான். "இஞ்சை வாங்கோ." நீ இருபத்திமூன்று வருடத்தில் எனக்குத் தமிழில் சொன்னதை விட அது திருத்தமாய் இருந்தது.

இறங்கிவிட்டேன். வேறென்ன செய்ய.

மார்செல், இதை நிரோவிடம் வாசித்துக் காட்டச் சொல்லு: கொம்மா கொண்டுவந்த உறைப்புக் குறைச்ச கறியை விட்டுவிட்டு நீ எங்கள் சட்டியில் கை வைத்தாய். கண்ணால் தண்ணீர் ஓடியும் கையை எடுக்கவில்லை. கொம்மா அதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பா.

புதுவருடத்துக்கே கழற்றச் சொன்ன பெட்டியை இப்போதுதான் கழற்றி அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். போனில் ஓடுகிறேன். மதாமின் குரல் இல்லாமல் கொஞ்சம் வெறுமைதான், கொம்மாவுக்குச் சொல்லாதே.

பார்சல் நாளைக்கு வரும். ஒரு பைதான், உறைப்பானது. 11ஆம் இலக்கம், இரண்டு பேருடைய பெயரும் எழுதியிருக்கிறேன். நீங்களும் அந்தப் பெயர்களைக் கடுதாசியில் எழுதித் தபால்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மழைக்கு உரியாத மாதிரி, மேலே ஒரு பிளாஸ்ரிக் போட்டு.

அப்பா